டவல் ரெயில் வாங்கப் போறீங்களா? கலரை அப்புறம் பார்க்கலாம் (நீண்ட இழை)

1/
இங்கிலாந்தில் வீடு வாங்கி, பாத்ரூமைப் புதுசா மாத்துற நம்ம மக்கள் எல்லாரும் கேட்கிற கேள்வி: "டாக்டர், டவல் ரெயில் குரோம் நல்லா இருக்குமா, கறுப்பு நல்லா இருக்குமா?" இதை ஏன் ஒரு ஜிபிகிட்ட கேட்கிறீங்கன்னு ரொம்ப நாள் யோசிச்சேன். இப்போ சொல்றேன். டாக்டர்கிட்ட கேட்க வேண்டியதுதான். ஆனா கலரைப் பத்தி இல்ல.

2/
டவல் ரெயில்னா துண்டு காயப் போடுற சூடான கம்பி ஏணி. அது மாட்டப்படுற இடம் எது? வீட்டிலேயே தரை ஈரமா இருக்கிற அறை. அங்கே நிற்கிறவங்க யார்? உடம்புல துணி இல்லாம, வெறுங்காலோட, சோப்பு வழுக்க நிற்கிறவங்க. இந்த ரெண்டையும் சேர்த்து யோசிக்காம ஷோரூம்ல கார்டைத் தேய்க்கிறோம்.

3/
என்கிட்ட வந்த ஒரு அம்மா. அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாத்திட்டேன். எழுபதைத் தாண்டியவங்க, இருபது வருஷமா சர்க்கரை. பேரக்குழந்தையைப் பார்க்க ஊர்ல இருந்து ஆறு மாச விசால வந்தவங்க. புது பாத்ரூம்ல டாய்லெட்டுக்குப் பக்கத்துச் சுவர்ல தரை வரைக்கும் குரோம் ஏணி. அதிகாலையில ஹீட்டிங் ஓடும் நேரம், உட்கார்ந்திருக்கும்போது கெண்டைக்கால் அந்தக் கம்பியில் சாய்ஞ்சிருக்கு.

4/
அவங்களுக்கு வலிக்கவே இல்லை. சாயங்காலம் சாக்ஸைக் கழட்டும்போது மகள்தான் பார்த்தாங்க, உள்ளங்கை அளவு கொப்புளம். நீண்ட நாள் சர்க்கரை கால் நரம்புகளின் உணர்ச்சியைக் குறைச்சிடும். நமக்கு "சுடுது, காலை எடு"ன்னு சொல்ற நரம்பு அவங்களுக்கு வேலை செய்யாது. அந்தப் புண் ஆற மாசக்கணக்கில் ஆச்சு. மகள் அழுதுகிட்டே சொன்னது: "அம்மா வர்றாங்கன்னுதான் டாக்டர் பாத்ரூமையே மாத்தினோம்."

5/
அந்த மகள் மேல எனக்குக் கோபம் இல்லை. கோபம் யார் மேலன்னா, அந்தக் கம்பி எவ்வளவு சூடாகும், எந்த உயரத்தில் இருக்கணும், வீட்டில் யார் இருக்காங்கன்னு ஒரு கேள்விகூடக் கேட்காம வித்தவங்க மேல, மாட்டினவங்க மேல. எத்தனை பிடியூ, என்ன ஃபினிஷ், எத்தனை வருஷம் வாரண்டி, எல்லாம் சொன்னாங்க. இதை மட்டும் சொல்லலை.

6/
இப்போ ஒரு கணக்கு. மருத்துவமனை, முதியோர் இல்லம் மாதிரி இடங்களில், விழுந்து சாயக்கூடியவங்க தொடுற மாதிரி இருக்கிற ரேடியேட்டர், பைப் மேற்பரப்பு 43 டிகிரியைத் தாண்டக் கூடாதுன்னு ஹெச்எஸ்இ வழிகாட்டுது. காரணம் கற்பனை இல்லை. சூடான ரேடியேட்டர் மேலேயும் பைப் மேலேயும் விழுந்து எழுந்திருக்க முடியாம கிடந்து செத்தவங்க இருக்காங்க.

7/
உங்க வீட்டு பாய்லர் ஃப்ளோ டெம்பரேச்சர் 70ல இருந்தா, அதில் இணைச்ச ரெயிலும் கிட்டத்தட்ட அதே சூட்டுக்கு வரும். 60 டிகிரியிலேயே தோல் வெந்துபோக சில விநாடிகள் போதும். குழந்தைக்கும் முதியவருக்கும் தோல் மெல்லிசு, இன்னும் சீக்கிரம். முன்பின் தெரியாத முதியவருக்கு 43, நம்மைப் பெத்த அம்மாவுக்கு 70. இது என்ன நியாயம்?

8/
"நாங்கல்லாம் விறகடுப்புப் பக்கத்துல வளர்ந்தவங்க சார், ஒண்ணும் ஆகல." இந்த கமெண்ட் வரும்னு தெரியும். விறகடுப்பு எரியுறது கண்ணுக்குத் தெரியும், பக்கத்தில் போனா அனல் அடிக்கும். குரோம் கம்பி பளபளன்னு குளிர்ச்சியாத்தான் தெரியும். அது சூடுன்னு தொட்ட பிறகுதான் தெரியும். தவழுற குழந்தைக்கு அது ஏணி, பிடிச்சு எழுந்து நிற்கத் தோதான ஏணி.

9/
அதனால முதல் விதி: உயரம். வீட்டு உபயோக மின்சார டவல் ரெயிலுக்கான பாதுகாப்புத் தரம் (ஐஇசி 60335-2-43) என்ன சொல்லுது தெரியுமா? சின்னக் குழந்தைகளின் பாதுகாப்புக்காக, சூடாகும் கம்பிகளில் கீழ்க் கம்பி தரையிலிருந்து குறைஞ்சது 600 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கணும். வீட்டில் இருக்கிற மேனுவலை எடுத்துப் பாருங்க, இந்த வரி இருக்கும். அட்டைப் பெட்டியோட குப்பைக்குப் போற மேனுவல்ல.

10/
பாய்லரில் இணைக்கிற ரெயில் அந்தத் தரத்துக்குள்ள வராது. ஆனா குழந்தையின் கைக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அதுக்கும் அதே 600தான் என் விதி. 1,800 மில்லிமீட்டர் உயர ஏணி அந்தச் சுவருக்கு வராதுன்னா சின்ன ரெயில் வாங்குங்க. டாய்லெட்டில் உட்கார்ந்தா கையோ காலோ படுற இடத்தில் எந்த அளவு ரெயிலும் வேண்டாம்.

11/
ரெண்டாவது விதி: சூடு. காம்பி பாய்லர்னா ஃப்ளோ டெம்பரேச்சரை 60க்கோ அதுக்குக் கீழேயோ இறக்குங்க. காஸும் மிச்சம். (சுடுதண்ணி சிலிண்டர் இருக்கிற வீட்டில் இதை நீங்களா செய்யாதீங்க. சேமிச்சு வைக்கிற தண்ணி 60ல இருக்கணும், இல்லைன்னா லெஜியோனெல்லா கிருமி வளரும்.) மின்சார ரெயில்னா தெர்மோஸ்டாட்டும் டைமரும் உள்ளதா வாங்குங்க. வெறும் ஆன்-ஆஃப் மாடல் ஒருத்தர் மறந்தா நாள் முழுக்க ஓடும்.

12/
ஓடினா என்ன ஆகும்? 100 வாட் ரெயில் 24 மணி நேரமும் ஓடினா மாசம் 72 யூனிட். யூனிட் 25 பென்ஸ்னு வெச்சா 18 பவுண்டு. குளிக்கிற நேரத்தை ஒட்டி ரெண்டு ரெண்டு மணி நேரம் டைமர் போட்டா 3 பவுண்டு. துண்டு ரெண்டிலேயும் காயும்.

13/
மூன்றாவது விதி: மின்சாரம். இங்கேதான் "நம்ம ஆளு ஒருத்தர் இருக்கார், கேஷ் குடுத்தா ஞாயித்துக்கிழமை வந்து முடிச்சிடுவார்" வர்றார். நனைஞ்ச தோல் காய்ஞ்ச தோலை மாதிரி மின்சாரத்தைத் தடுக்காது. ஈரத் தரையில் வெறுங்காலோட நிற்கிற உடம்பு வழியா பாயுற மின்சாரம் இதயத் துடிப்பையே குலைக்கும். ஞாயித்துக்கிழமை ஆளுக்கு இது தெரியுமா?

14/
கேட்க வேண்டியவை: 30 மில்லியாம்பியர் ஆர்சிடி பாதுகாப்பு இருக்கா? பாத் டப், ஷவருக்கு மேலேயும், அதிலிருந்து 60 சென்டிமீட்டருக்குள்ளேயும் வந்தா ரெயில் குறைஞ்சது ஐபிஎக்ஸ்4 தரமா? ஸ்விட்ச் உள்ள ஃபியூஸ்டு ஸ்பர் பாத்ரூமுக்கு வெளியே இருக்கா? ஒயரைக் கதவுக்கு அடியில் இழுத்து ஹால் சாக்கெட்டில் செருகி வெச்சிருக்கிற வீடுகளை நான் பார்த்திருக்கேன். தயவுசெஞ்சு வேண்டாம்.

15/
இங்கிலாந்தில் அந்த 60 சென்டிமீட்டர் எல்லைக்குள்ள இருக்கிற சர்க்யூட்டில் கை வெச்சா, அது பார்ட் பி விதிப்படி தெரிவிக்க வேண்டிய வேலை. என்ஐசிஇஐசி, நாபிட் மாதிரி அமைப்பில் பதிவு பெற்ற எலக்ட்ரீஷியன் செஞ்சா அவரே தெரிவிச்சு சான்றிதழ் கொடுப்பார். நாளைக்கு வீட்டை விற்கும்போது வக்கீல் அந்தத் தாளைத்தான் கேட்பார்.

16/
பாய்லர், மின்சாரம் ரெண்டிலும் ஓடுற "டூயல் ஃப்யூல்" மாடல் வாங்கினா ஒண்ணு ஞாபகம் வெச்சுக்குங்க. கோடையில மின்சாரத்தில் ஓட்டும்போது ரெண்டு வால்வையும் மூடிடாதீங்க. சூடான தண்ணி விரியும், போக இடம் வேணும். ஒரு வால்வாவது திறந்திருக்கணும்.

17/
"டவல் ரெயில் போட்டா பாத்ரூம் ஈரமே இருக்காது"ன்னு விற்கிறாங்க. துண்டில் இருக்கிற தண்ணி காணாமப் போறதில்லை, காத்துக்குப் போகுது. காத்திலிருந்து குளிர்ந்த சுவருக்குப் போகுது. அங்கே பூஞ்சை. அதை வெளியேத்துறது எக்ஸ்ட்ராக்டர் ஃபேன், விநாடிக்கு குறைஞ்சது 15 லிட்டர் காத்து இழுக்கணும். ஃபேன் ஓடாத வீட்டில் ஆயிரம் பவுண்டு ரெயில் மாட்டினாலும் ஈரம் இடம் மாறும், அவ்வளவுதான்.

18/
பூஞ்சை ஒரு அழகுப் பிரச்சினை இல்லை. 2020 டிசம்பரில் ராச்டேலில் அவாப் இஷாக் என்ற ரெண்டு வயசுக் குழந்தை இறந்தது. வீட்டுப் பூஞ்சையை நெடுநாள் சுவாசிச்சதால் வந்த சுவாச நோய்தான் காரணம்னு 2022ல் விசாரணை அதிகாரி முடிவு சொன்னார். அந்தக் குழந்தை பேரில் சட்டமே வந்திருக்கு. பணம் ஒண்ணுக்குத்தான் இருக்குன்னா முதல்ல ஃபேனை மாத்துங்க. ரெயில் அடுத்த வருஷம்.

19/
கடைசியா, எனக்கு ரொம்ப முக்கியமானது. வயசானவங்க பாத்ரூம்ல எதைப் பிடிச்சு எழுந்திருக்கிறாங்க? கைக்கு எட்டுற கம்பியை. டவல் ரெயில் துண்டைத் தாங்குறதுக்கு, ஆளைத் தாங்குறதுக்கு இல்லை. பிளாஸ்டர்போர்டு சுவர்ல நாலு ஸ்க்ரூவில் நிற்கிறது ஒரு உடம்பின் எடையில் பிடுங்கிக்கிட்டு வரும். கை வெந்து, இடுப்பும் உடையும். அதுக்குன்னே கிராப் ரெயில்னு தனியா இருக்கு. சுவர் நிறத்திலிருந்து பளிச்சுன்னு வேறுபடுற நிறத்தில், உறுதியான சுவர்ல அதை மாட்டுங்க. டவல் ரெயில் விலையில் சின்னப் பங்குதான்.

20/
"பாத்ரூம் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும் சார்." இருக்கட்டும். உண்மையான ஆஸ்பத்திரியில் அம்மாவைப் படுக்க வைக்கிறதை விட நல்லது. விசிட்டர் விசால வந்தவங்களை அட்மிட் பண்ணா பில்லும் வரும்.

21/
மீறிச் சுட்டுட்டா: 20 நிமிஷம் ஓடுற குளிர்ந்த குழாய்த் தண்ணி. ஐஸ் இல்லை, டூத்பேஸ்ட் இல்லை, வெண்ணெய் இல்லை. ஒட்டாத துணி, மோதிரம், வளையலைக் கழட்டுங்க. பிறகு கிளிங் ஃபிலிமை மேலே பரப்பி வைங்க, சுத்திக் கட்டாதீங்க. குழந்தை, முதியவர், சர்க்கரை நோயாளின்னா சின்னக் கொப்புளமா இருந்தாலும் டாக்டரைப் பாருங்க.

22/
இன்னைக்கே செய்ய ரெண்டு வேலை. டேப்பை எடுத்து உங்க ரெயிலின் கீழ்க் கம்பி தரையிலிருந்து எவ்வளவு உயரம்னு அளங்க. அப்புறம் அம்மாகிட்டயோ அப்பாகிட்டயோ கேளுங்க: "டாய்லெட்ல இருந்து எழுந்திருக்கும்போது எதைப் பிடிச்சுக்கிறீங்க?" "அந்தக் கம்பியைத்தான்பா"ன்னு பதில் வந்தா, கிராப் ரெயில் மாட்டுற வரைக்கும் ரெயிலை ஆஃப் பண்ணி வைங்க. பாத்ரூம் மாத்துற நண்பர் யாராவது இருந்தா இந்த இழையை அனுப்புங்க, டைல்ஸ் ஒட்டுறதுக்கு முன்னாடி.