நிபுணர் வருகை பயிற்சிக்கு மாற்றாகுமா?

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 176(3)-ஆம் பிரிவு, ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வந்து தடயங்களைச் சேகரிக்க வேண்டும் என்கிறது. அந்தப் பணி முழுவதும் வீடியோவில் பதிவாக வேண்டும். சட்டம் தந்த ஐந்தாண்டு அவகாசத்துக்குள் மாநில அரசு அறிவிக்கும் நாளிலிருந்து இது கட்டாயம். நெடுங்காலம் வேண்டப்பட்ட சீர்திருத்தம் இது.

இதையொட்டி ஒரு கருத்தும் வலுத்திருக்கிறது. சம்பவ இடத்தைப் பதிவுசெய்வதும் தடயம் எடுப்பதும் இனி நிபுணரின் வேலை. விசாரணை அதிகாரி இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டிக் காவல் நின்றால் போதும். அவருக்கு இதில் விரிவான பயிற்சி எதற்கு என்பதே அது. இந்தக் கருத்துக்கு ஆதரவாகச் சொல்லப்படும் காரணங்கள் ஐந்து. ஐந்தும் ஆராய்ந்தால் நிற்பவை அல்ல.

முதல் காரணம்: நிபுணர் வருவது கட்டாயமாகிவிட்டது

கட்டாயம் எல்லா வழக்குக்கும் இல்லை. தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் சாதாரணத் திருட்டுக்கும் பறிப்புக்கும் உச்ச தண்டனை மூன்று ஆண்டு. கவனக்குறைவால் மரணம் விளைவித்தலுக்கு ஐந்து ஆண்டு. சாலை விபத்து மரணங்களில் பெரும்பாலானவை இந்தப் பிரிவில்தான் பதிவாகின்றன. ஏழாண்டு வரம்புக்குள் வராத இத்தகைய வழக்குகளில் டயர் தடத்தை அளப்பதும், உடைந்த கண்ணாடித் துண்டை எடுப்பதும், விரல் ரேகை அழியாமல் காப்பதும் காவல் நிலைய அதிகாரியின் பொறுப்பாகவே இருக்கும்.

இதைவிட ஆழமான சிக்கல் சந்தேக மரணங்களில் இருக்கிறது. தூக்கில் தொங்கிய உடல், கிணற்றில் மிதந்த உடல் ஆகியவை முதலில் நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 194-ஆம் பிரிவின்கீழ் இயற்கைக்கு மாறான மரணமாகவே பதிவாகின்றன. கொலைதானா என்பதே அப்போது தெரியாது. உடலை இறக்கும்போது கயிற்றின் முடிச்சை அவிழ்த்துவிட்டால் அந்த முடிச்சு எப்படிப் போடப்பட்டது என்பது எவருக்கும் கிடைக்காமல் போகிறது. முடிச்சைத் தொடாமல் வேறிடத்தில் கயிற்றை வெட்டி, வெட்டிய முனைகளை அடையாளமிட்டுக் கட்டி வைப்பதே முறை. பிரேதப் பரிசோதனையில் கொலை என்று தெரிந்து நிபுணர் அழைக்கப்படும்போது அந்த முடிச்சு அப்படியே இருக்கவேண்டுமானால், முதலில் போன உதவி ஆய்வாளருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

கட்டாயமான வழக்குகளிலும் நிபுணர் வந்து சேரும்வரை இடம் காவலரின் கையில் இருக்கிறது. காயம்பட்டவரை மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்வது, உறவினரையும் ஊர்க்கூட்டத்தையும் விலக்குவது, உள்ளே போகவும் வரவும் ஒரே தடத்தை வகுப்பது, யார் எத்தனை மணிக்கு நுழைந்தார் என்று குறிப்பேட்டில் எழுதுவது, மழை வருமானால் காலடித் தடத்தை மூடுவது எல்லாம் அந்த நேரத்து வேலைகள். எது தடயம் என்று அறியாதவரால் எதையும் காக்க முடியாது.

2008 மே மாதம் நொய்டாவில் நடந்த இரட்டைக் கொலை இதற்குச் சான்று. படுக்கையறையில் சிறுமியின் உடல் கிடந்த முதல் நாள், வீட்டுக்குள் பலரும் நடமாடினர். பூட்டியிருந்த மொட்டைமாடிக் கதவு அன்று திறக்கப்படவில்லை. காணாமல்போன வீட்டுப் பணியாளர்மீதே சந்தேகம் விழுந்தது. மறுநாள் அதே மொட்டைமாடியில் அவருடைய உடல் கிடைத்தது. சம்பவ இடத்தின் எல்லையை எதுவரை விரிப்பது என்பது பயிற்சியில் முதலில் கற்பிக்கப்படும் பாடம். முதல் நாள் இழந்தது அந்த வழக்கைப் பல ஆண்டுகள் தொடர்ந்தது. விசாரணை நீதிமன்றத்தில் தண்டனை பெற்ற பெற்றோரை அலகாபாத் உயர் நீதிமன்றம் 2017-இல் விடுவித்தது.

இரண்டாம் காரணம்: எல்லாமே வீடியோவில் பதிவாகிறது

சோதனையையும் கைப்பற்றலையும் ஒலி, ஒளிப் பதிவு செய்யும்படி நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 105-ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. அந்தப் பதிவு என்ன நடந்தது என்பதற்குச் சாட்சி. அளவுகளையும் தொலைவுகளையும் அது தராது.

ஒரு பொருளைப் படம் எடுப்பதில் ஒழுங்கு உண்டு. முதலில் இடம் முழுவதும் தெரியும் படம். அடுத்து அந்தப் பொருளையும் அதற்கருகே உள்ள நிலையான ஒன்றையும் சேர்த்துக் காட்டும் படம். பிறகு பொருளின் அண்மைப் படம். அண்மைப் படம் அளவுகோல் இல்லாமல் ஒருமுறையும் அளவுகோல் வைத்து ஒருமுறையும் எடுக்கப்பட வேண்டும். காலணித் தடத்துக்கு விளக்கொளி தரையை ஒட்டிச் சாய்வாக விழவேண்டும். கேமரா தடத்துக்கு நேர்மேலே செங்குத்தாக நிற்கவேண்டும். சாய்ந்து எடுத்த படத்தில் தடத்தின் நீள அகலம் திரிந்துவிடும். சந்தேகநபரின் காலணியோடு அதை ஒப்பிட இயலாது. கைபேசியைப் பிடித்துக்கொண்டு அறையைச் சுற்றி வருபவருக்கு இவை தாமாக வந்துவிடா.

படம் இருந்தாலும், இடத்தில் கண்டதை எழுதிவைக்கும் பார்வை மகஜரும் மாதிரி வரைபடமும் தேவை. வடதிசையைக் குறித்து, அசையாத இரண்டு புள்ளிகளிலிருந்து ஒவ்வொரு பொருளும் எத்தனை தூரம் என்று அளந்து எழுதிய வரைபடமே பல ஆண்டுகள் கழித்தும் நீதிமன்றத்தில் அந்த இடத்தைத் திரும்ப அமைத்துக் காட்டும். இரவில் நடந்த கொலையில் தெருவிளக்கு எங்கே இருந்தது என்பது வரைபடத்தில் இல்லாமல்போனால், குற்றவாளியைக் கண்ணால் கண்டேன் என்ற சாட்சியம் குறுக்கு விசாரணையில் தடுமாறும்.

மின்னணுத் தடயங்களுக்கும் இது பொருந்தும். கண்காணிப்பு கேமராவின் கடிகாரம் உண்மை நேரத்தோடு எவ்வளவு வேறுபடுகிறது என்று கைப்பற்றும்போதே குறிக்காவிட்டால், படத்தில் தெரியும் நேரத்தைப் பின்னர் உறுதிசெய்வது கடினம். பழைய பதிவின்மேல் புதியது பதிவாகும் கருவிகளில் நாள் தாழ்த்தினால் பதிவே இருக்காது.

மூன்றாம் காரணம்: டி.என்.ஏ. உண்மையைச் சொல்லிவிடும்

ஆய்வகம் தன்னிடம் வந்ததைத்தான் ஆராயும். வந்து சேரும் பொருளின் தரத்தைச் சம்பவ இடத்தில் அதை எடுத்த கை முடிவுசெய்கிறது. இரத்தம் தோய்ந்த துணியை ஈரத்தோடு பிளாஸ்டிக் உறையில் இட்டால் பூஞ்சையும் நுண்ணுயிரும் வளர்ந்து டி.என்.ஏ. சிதையும், அதை நிழலில் உலர்த்திக் காகித உறையில் வைக்கவேண்டும். தீவைப்பு வழக்கில் எடுக்கும் கரித்துண்டுக்கு இதற்கு நேர்மாறான முறை. காகிதத்தில் வைத்தால் பெட்ரோல், மண்ணெண்ணெய் ஆவி வெளியேறிவிடும். காற்றுப் புகாத கண்ணாடிக் குடுவையோ தகரக் கொள்கலனோ வேண்டும். ஒரே உறை எல்லாவற்றுக்கும் என்று நினைப்பவர் இரண்டில் ஒன்றைக் கட்டாயம் கெடுப்பார்.

ஜெர்மனியின் ஹைல்புரோன் நகரில் 2007-இல் ஒரு பெண் காவலர் சுட்டுக் கொல்லப்பட்டார். அங்கே கிடைத்த டி.என்.ஏ., ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் நாடுகளில் ஏறக்குறைய 40 சம்பவ இடங்களில் கிடைத்த டி.என்.ஏ.வோடு ஒத்துப்போனது. அடையாளம் தெரியாத ஒரு பெண்ணைத் தேடிக் காவல்துறை அலைந்தது. அந்த டி.என்.ஏ. மாதிரி எடுக்கப் பயன்பட்ட பஞ்சுக் குச்சிகளைத் தயாரிப்பதில் ஈடுபட்ட ஒரு தொழிலாளியுடையது என்று 2009-இல் தெரியவந்தது. குச்சிகள் கிருமி நீக்கப்பட்டவை; ஆனால் கிருமி நீக்கம் டி.என்.ஏ.வை நீக்காது. அதே கட்டிலிருந்து பயன்படுத்தாத குச்சி ஒன்றையும் ஒப்பீட்டுக்காக அனுப்பும் வழக்கம் இத்தகைய பிழையைக் காட்டிக்கொடுக்கும். அந்த வழக்கத்தை ஊட்டுவது பயிற்சிதான்.

தேனி மாவட்டம் சுருளி அருவிப் பகுதியில் 2011-இல் நடந்த இரட்டைக் கொலை வழக்கு இன்னும் அருகில் உள்ள சான்று. விசாரணை நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் மரண தண்டனை அளித்த அந்த வழக்கில், குற்றம்சாட்டப்பட்டவரை உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் விடுவித்தது. மாதிரிகளை ஆய்வகத்துக்கு அனுப்புவதில் நேர்ந்த, விளக்கம் தரப்படாத தாமதமும் மாசுபட்டிருக்கும் வாய்ப்பும் டி.என்.ஏ. சான்றை நம்ப இயலாததாக்கின. மாதிரி எடுத்த 48 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேரவேண்டும் என்றும், அது யார் யார் கையில் இருந்தது என்பதற்குத் தொடர் பதிவேடு வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பு நாடு முழுமைக்கும் வழிமுறை வகுத்தது. பதிவேட்டை எழுதவேண்டியவர் காவல் அதிகாரி. இரு உயிர்கள் பறிபோன வழக்கில், கொன்றவர் யார் என்ற கேள்விக்கு விடையில்லாமல் போனதன் வலியை இறந்தவர்களின் குடும்பங்கள் சுமக்கின்றன. மரண தண்டனையின் நிழலில் கழிந்த ஆண்டுகளை விடுவிக்கப்பட்டவர் திரும்பப் பெறப்போவதில்லை.

நான்காம் காரணம்: அனுபவம் கற்றுத்தரும்

அனுபவம் மனிதரைப் படிக்கவும் ஊரை அறியவும் கற்றுத்தருகிறது. சம்பவ இடத்தில் செய்யும் பிழையை அது பெரும்பாலும் காட்டித்தருவதில்லை. பிழை வெளிப்படுவது பல ஆண்டுகள் கழித்து, குறுக்கு விசாரணையில். அதற்குள் அந்த அதிகாரி இடம் மாறியிருப்பார், ஓய்வும் பெற்றிருப்பார். ஆகவே தவறான பழக்கம் நூறு வழக்குகளில் திரும்பத் திரும்ப நடந்து உறுதிப்படுகிறது.

1994-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஓ.ஜே. சிம்சன்மீதான கொலை வழக்கை விசாரித்த தலைமைத் துப்பறிவாளர்கள் கால் நூற்றாண்டுப் பணி அனுபவம் உள்ளவர்கள். ஆயினும் கொலையுண்ட பெண்ணின் உடல்மீது அவர் வீட்டுக்குள்ளிருந்த போர்வையே எடுத்துப் போர்த்தப்பட்டது. அதிலிருந்த முடியும் இழையும் உடலில் ஒட்டியிருக்கலாம் என்ற வாதத்துக்கு அது வழிவிட்டது. சிம்சனிடம் எடுத்த இரத்தக் குப்பியை உடனே பதிவுசெய்து ஒப்படைக்காமல், ஒரு துப்பறிவாளர் அதைத் தம்மோடு வைத்துக்கொண்டு சிம்சனின் வீட்டுக்கே போனார். அந்த இடைவெளியைப் பற்றிக்கொண்டுதான் எதிர்த்தரப்பு ஐயங்களை அடுக்கியது. 1995 அக்டோபரில் சிம்சன் விடுதலையானார்.

நம் நீதிமன்றங்களிலும் வினாக்கள் இவையே: கைப்பற்றிய பொருள், அதை நீதிமன்றத்துக்கு அனுப்பும் படிவம் 95-உடன் என்றைக்கு அங்கே போய்ச் சேர்ந்தது, இடையில் எங்கே இருந்தது, முத்திரை யாருடையது? விடை சொல்லவேண்டியவர் புலனாய்வு அதிகாரி.

ஐந்தாம் காரணம்: ஒரு வகுப்பு போதும், அதற்குமேல் நேரமும் பணமும் இல்லை

சம்பவ இடப் பணி கைத்தொழில். கேட்டு அறிவதால் மட்டும் அது வராது. ஆஸ்திரியாவின் ஹன்ஸ் கிராஸ் 1893-இல் எழுதிய புலனாய்வுக் கையேடு, இடத்தை எப்படி வரைவது, தடத்தை எப்படி எடுப்பது, பையில் என்னென்ன கொண்டுபோவது என்று செய்முறையாகவே விளக்கியது. அதன் ஆங்கில வடிவம் இந்திய நடைமுறைக்கேற்ப மாற்றப்பட்டு 1906-இல் சென்னையில்தான் வெளியானது. விசாரணை அதிகாரியே இதைக் கற்கவேண்டும் என்ற எண்ணம் இந்த மண்ணுக்கு நூற்றாண்டுக்கும் மேல் பழையது.

செலவு குறைவாகவும் செய்யலாம். அமெரிக்காவில் பிரான்சிஸ் கிளெஸ்னர் லீ, 1940-களில் மரணம் நிகழ்ந்த அறைகளைப் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் சிறுமாதிரிகளாகச் செய்து, காவலர்களை அவற்றின்முன் உட்காரவைத்துப் பார்த்து எழுதப் பழக்கினார். அவற்றில் 18 மாதிரிகள் பால்டிமோரில் பயிற்சிக்குத் தொடர்ந்து பயன்பட்டிருக்கின்றன. ஒரு காலி அறையும் சில பழைய பொருள்களும் அளவு நாடாவும் கைபேசியும் இருந்தால் மாவட்டத் தலைநகரிலேயே போலிச் சம்பவ இடம் அமைக்கலாம். ஒருவர் கெடுத்த வழக்கை மேல்முறையீடுவரை இழுத்துச் செல்லும் செலவோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிது.

காரணங்களில் உள்ள உண்மையும் அதன் எல்லையும்

நிபுணர் இன்றியமையாதவர் என்பது உண்மை. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது, தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் இயக்குநர் பி. சந்திரசேகரன் சிதறிக் கிடந்த துணித் துண்டுகளையும் கம்பிகளையும் சேர்த்து, குண்டு இடுப்பில் அணியப்பட்டது என்று நிறுவினார். அங்கே இறந்துபோன புகைப்படக்காரரின் கேமராவில் இருந்த படச்சுருள், கொலையாளியின் முகத்தைக் காட்டியது. அந்தத் துண்டுகளும் கேமராவும் திடலிலிருந்து அப்புறப்படுத்தப்படாமல் கிடைத்ததால்தான் நிபுணரின் அறிவுக்கு வேலை இருந்தது.

எல்லா ஆய்வாளரையும் விஞ்ஞானி ஆக்கவேண்டும் என்று எவரும் கோரவில்லை. ஒவ்வொரு நிலைக்கும் உரியது வேறு. முதலில் போகும் காவலருக்கு எல்லை வகுத்தல், தடம் ஒதுக்கல், நுழைவுக் குறிப்பு. உதவி ஆய்வாளருக்கும் ஆய்வாளருக்கும் படம், அளவு, வரைபடம், மகஜர், உறையிடல், முத்திரை, பதிவேடு, எதைத் தாமே எடுப்பது, எதைத் தொடாமல் நிபுணருக்கு விடுவது என்ற தெளிவு. தேர்வு ஏட்டில் மட்டும் நடக்காமல் போலிச் சம்பவ இடத்தில் நடக்கவேண்டும். குறிப்பிட்ட காலத்துக்கொருமுறை திரும்பவும் நடக்கவேண்டும். ஆய்வகம் திருப்பியனுப்பும் மாதிரிகளின் குறையும், தீர்ப்புகளில் சுட்டப்படும் பிழையும் அந்தந்தக் காவல் நிலையத்துக்கும் பயிற்சிப் பள்ளிக்கும் பாடமாகத் திரும்பிவர வேண்டும். 176(3)-ஆம் பிரிவு நிபுணரை அழைத்து வருகிறது; அவர் வரும்போது ஆராய ஏதேனும் மிஞ்சியிருப்பதற்கு இந்தப் பயிற்சியே உறுதி.