மடி குளிர்ந்தால் மகிழலாமா?

நேற்றுவரை குட்டிகளுக்குப் பாலூட்டிய வெள்ளாடு இன்று இரை எடுக்கவில்லை. பின்னங்காலை விந்தி நடக்கிறது. மடி ஒருபுறம் வீங்கிக் கொதிக்கிறது. "கண்பட்டுவிட்டது" என்று உப்பு சுற்றிப் போடுகிறார்கள். மறுநாள் மடி குளிர்ந்திருக்கிறது. "சூடு தணிந்துவிட்டது" என்று மகிழ்கிறார்கள். இந்த மகிழ்ச்சிதான் ஆட்டுக்கு எமன் என்பேன்.

இது கடுமையான மடிநோய். பெரும்பாலும் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் பாக்டீரியா காம்புத் துளை வழியே புகுவதால் வருவது. செம்மறி ஆடுகளில் இதற்குக் கிருமியே காரணம் என்று பிரெஞ்சுக் கால்நடை அறிஞர் நோகார் 1887-லேயே எழுதிவிட்டார். கிருமியின் நஞ்சால் இரத்த ஓட்டம் தடைப்படுகிறது, திசுக்கள் சாகின்றன. மடி சில்லிட்டு, நீலம் பாரித்துக் கறுக்கிறது. பாலுக்குப் பதில் செந்நீர் வருகிறது. ஆகவே இந்தக் குளிர்ச்சி நலத்தின் அறிகுறியன்று, ஆபத்தின் அறிகுறி!

அப்போதும் கைவிட வேண்டியதில்லை. உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டினால், செத்த பகுதி போனாலும் ஆட்டைக் காப்பாற்ற வழியுண்டு. ஆட்டு மடியின் இரு பாதிகளும் தனித்தனியானவை. மற்றப் பாதி பால் தரக்கூடும்.

மாணவ நண்பர்களே! தினமும் கறக்குமுன் கைகழுவி, மடியைத் தொட்டுப் பாருங்கள். சூடும் வீக்கமும் தெரிந்த அன்றே மருத்துவரை நாடுங்கள். உப்பு சுற்றுவதில் கழியும் நேரம் ஓர் உயிரின் விலை!