தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?

"மாமா, நாளைக்கு முகூர்த்த நாள். வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துடலாம்னு இருக்கோம். நீங்களும் அத்தையும் வந்துடுங்க."

அக்கா மகள் இப்படிப் போன் செய்தது ஒரு வியாழக்கிழமை ராத்திரி. சிதம்பரத்தில், ரயிலடிக்குக் கிழக்கே, மூன்று சென்ட் மனையில் இருபது வயதான ஒரு மாடி வீடு. விலை 42 லட்சம். கல்யாணமாகி ஒன்பது வருஷம் வாடகை வீட்டிலேயே ஓட்டியவர்களுக்கு இதுதான் முதல் சொந்த வீடு.

கணக்கைக் கேட்டேன். இந்த விலைக்கு பேங்க் 80 சதவீதம்வரைதான் கடன் கொடுக்கும். மீதி 8 லட்சத்து 40 ஆயிரம் கையிலிருந்து போட வேண்டும். முத்திரைத்தாள் கட்டணம் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று இன்னும் 3 லட்சத்து 78 ஆயிரம். ஆக, பன்னிரண்டு லட்சத்துக்கு மேல். மாப்பிள்ளையின் பி.எஃப்., இவளுடைய நகை, அக்கா போட்டுவைத்திருந்த டெபாசிட் என மூன்றையும் வழித்துப்போட்டால்தான் அந்தத் தொகை தேறும்.

"வீட்டை யாராவது பார்த்தாங்களாம்மா?"

"பேங்க்ல லீகல் முடிஞ்சுது மாமா. வேல்யூவரும் வந்து பார்த்துட்டார்."

"எவ்வளவு நேரம் பார்த்தார்?"

"போட்டோ எடுத்தார், டேப் வச்சு அளந்தார். ஒரு பதினஞ்சு நிமிஷம் இருக்கும்."

நம்மில் பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். 'பேங்க்கே பார்த்துடுச்சு' என்றால் வீடு நல்ல வீடு என்று எடுத்துக்கொள்கிறோம். பேங்க் வக்கீல் பார்ப்பது பத்திரத்தை. வேல்யூவர் பார்ப்பது, நாளைக்கு இவர்கள் தவணை கட்டாமல் போனால் இடத்தை விற்றுக் கடனை எடுக்க முடியுமா என்பதை. மாடி ஒழுகுமா, கம்பி துருப்பிடித்திருக்கிறதா, ஐப்பசியில் கூடத்துக்குள் தண்ணீர் வருமா என்பதெல்லாம் அவருக்குக் கொடுத்த வேலையே இல்லை. அவர்மேல் குற்றம் சொல்லவும் முடியாது.

அமெரிக்காவில் வீடு வாங்குகிறவர் தன் செலவில் ஒரு இன்ஸ்பெக்டரை வைத்து அடி முதல் முடி வரை பார்த்து, எழுத்தில் அறிக்கை வாங்கிக்கொண்ட பிறகு பேரத்தை முடிப்பது வழக்கம். நம் ஊரில் அப்படி போர்டு மாட்டியவர் யாரும் கிடையாது. ஆனால் சிவில் இன்ஜினியர்கள் இருக்கிறார்கள். புரோக்கரும் வீட்டுக்காரரும் கூட்டிவராத இன்ஜினியராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். எனக்குத் தெரிந்த, வேலையில் ஓய்வு பெற்ற ஒருவரைக் கேட்டேன். ஆறாயிரம் ரூபாய் சொன்னார். "சனிக்கிழமை வரைக்கும் பொறும்மா" என்று அக்கா மகளிடம் சொன்னதற்கு, அவள் மாமியாரிடமிருந்து எனக்குக் கிடைத்த பார்வையைப் பற்றி இங்கே எழுத வேண்டாம். முகூர்த்தம் தப்பிப்போனது என்னால்தான்.

சனிக்கிழமை காலை திருப்பாதிரிப்புலியூரில் ரயிலேறினோம். இன்ஜினியர் கையில் ஒரு துணிப்பை. அதற்குள் டார்ச், ஒரு ரூபாய் நாணயம், கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் டியூப், அப்புறம் துப்பாக்கி மாதிரி ஒரு கருவி. கான்கிரீட்டின் மேல் அழுத்தினால் அது எவ்வளவு துள்ளுகிறது என்பதை வைத்து மேற்பரப்பின் உறுதியைச் சொல்லுமாம்.

அங்கே போனதும் மனிதர் வீட்டுக்குள் நுழையவே இல்லை. தெருவில் நின்றார். "ரோடு போர்டிகோவைவிட ஒரு சாண் உயரமா இருக்கு, பார்த்தீங்களா?" என்றார். கட்டும்போது பேஸ்மட்டம் ரோட்டுக்கு மேலேதான் இருந்திருக்கும். பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே மறுபடி மறுபடி போட்டதில், வீடு இருந்த இடத்திலேயே இருக்க, தெரு வளர்ந்துவிட்டது.

அடுத்து அவர் போனது பக்கத்து வீட்டுக்கு. வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவிடம் கேட்டது ஒரே கேள்வி: "புரெவி மழையில தண்ணி எதுவரைக்கும்மா வந்துச்சு?"

2020 டிசம்பரில் நடராஜர் கோயிலுக்குள்ளேயே தண்ணீர் நின்ற மழை அது. அந்த அம்மா எழுந்து போய்த் தன் வீட்டுச் சுவரைக் காட்டினார். "இதோ, இந்த மீட்டர் பெட்டி முன்னாடி கீழே இருந்துச்சு. அதுக்கப்புறம்தான் மேலே தூக்கி வச்சோம். உள்ளே முழங்கால் தண்ணி. கிரைண்டர் போச்சு, பீரோவுல அடித்தட்டுத் துணியெல்லாம் போச்சு."

'எங்க வீட்டுக்கு ஒரு சொட்டுத் தண்ணி வந்ததில்லை சார்' என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். உள்ளே போய்ப் பார்த்தால், கூடத்தில் பிளக் பாயின்ட்டுகள் எல்லாம் இடுப்பு உயரத்தில் இருந்தன. அவற்றுக்குக் கீழே, பழைய பெட்டி இருந்த இடத்தில் சதுரம் சதுரமாகச் சிமென்ட் அடைத்து, மேலே புதுப் பெயின்ட் அடித்திருந்தார்கள். டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்தபோது ஒவ்வொரு சதுரமும் தனியாகத் தெரிந்தது. அக்கா மகள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒன்றும் பேசவில்லை.

அதன் பிறகு ஒன்றரை மணி நேரம். பீரோவை நகர்த்தச் சொன்னார். அதன் பின்னால் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறி உப்புப் பூத்திருந்தது. நாணயத்தால் தட்டிக்கொண்டே போனார். பூச்சு விட்டுப்போன இடத்தில் சத்தம் மாறி, பொள்ளென்று கேட்டது. சன்ஷேடின் அடிப்பக்கம்தான் முக்கியமாம், யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. கம்பி துருப்பிடித்தால் பருக்கும். பருத்தால் கான்கிரீட்டை வெளியே தள்ளும். அதனால்தான் கம்பி ஓடும் திசையிலேயே நீளமாக வெடிப்பு விழுகிறது. இரண்டு சன்ஷேடுகளில் அது இருந்தது. மாடியில் தட்டோடு பரவாயில்லை. மழைநீர் வடியும் குழாய் வாயில்தான் சிமென்ட் விட்டிருந்தது.

படுக்கையறை ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு வெடிப்பு. அதைப் பார்த்ததும்தான் அவர் முகம் மாறியது. சிதம்பரம் பக்கம் பெரும்பாலும் டெல்டாக் களிமண். கோடையில் சுருங்கும், மழையில் ஊதும். அஸ்திவாரம் அதற்கேற்ப ஆழமாகப் போகாவிட்டால் வீடு வருஷா வருஷம் ஏறி இறங்கும். "இது பழைய வெடிப்பா, இன்னும் நகருதான்னு இன்னிக்கே சொல்ல முடியாது. வெடிப்புக்குக் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டித் தேதி எழுதுவோம். ஒரு மழைக்காலம் போகட்டும். கண்ணாடி உடைஞ்சா வீடு நகருதுன்னு அர்த்தம்."

வீட்டுக்காரர் சிரித்தார். "மழைக்காலம் வரைக்கும் நான் காத்திருக்கணுமா?"

இதை ஏதோ சிதம்பரத்துக் கதை என்று கடலூர்க்காரர்கள் தள்ளிவிட வேண்டாம். நான் இருப்பது மஞ்சக்குப்பத்தில். நமக்கு வடக்கே தென்பெண்ணை, ஊர் நடுவில் கெடிலம், தெற்கே பரவனாறு, கிழக்கே கடல். 2015, 2021, 2024 என்று வெள்ளக் கணக்கு நீளும். 2024-இல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகுதான் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேற்பட்ட தண்ணீர் தென்பெண்ணையில் வந்து, குண்டு உப்பலவாடி, தாழங்குடா பக்கமெல்லாம் புகுந்தது. திருவண்ணாமலையில் பெய்த மழை நம் வீட்டு வாசலுக்கு வரும். அதனால் 'இங்கே மழை எப்படி' என்று கேட்டால் போதாது, 'ஆற்றில் தண்ணி திறந்தப்போ எப்படி' என்று தனியாகக் கேட்க வேண்டும்.

தேவனாம்பட்டினம், பழைய கடலூர் பக்கம் உப்புக்காற்று கம்பியைத் தின்னும். அங்கே சன்ஷேடு, பால்கனி, தண்ணீர்த் தொட்டியின் அடிப்பாகம் மூன்றையும் பார்க்காமல் பேரத்தைத் தொடங்கக் கூடாது. சிப்காட்டை ஒட்டிய பகுதி என்றால் போர் தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். குடிநீர் வடிகால் வாரியம் கட்டணம் வாங்கிக்கொண்டு சோதித்துத் தருகிறது. கரைந்த உப்புகளின் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது. வேறு தண்ணீருக்கு வழியே இல்லையென்றால் 2,000 வரை என்கிறது இந்தியத் தர நிர்ணயம். கேப்பர் மலைப் பக்கம் வெள்ள பயம் குறைவு. ஆனால் தானே புயல் வீசிய 2011 டிசம்பர் 30 அன்று மேடு பள்ளம் பார்த்தா ஓடும் ஷீட்டும் பறந்தன?

பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்றிதழ் பற்றியெல்லாம் ஏற்கெனவே நிறையப் படித்திருப்பீர்கள். அவற்றோடு ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: நில அளவை வரைபடம், எஃப்.எம்.பி. என்பார்கள். உங்கள் மனைக்குப் பக்கத்தில் வாய்க்கால் என்று கோடு போட்டிருந்து, நேரில் அந்த இடத்தில் வீடுகள் இருந்தால், மழைக்காலத்தில் அந்த வாய்க்கால் எந்த வழியாகப் போகும் என்று யோசியுங்கள். புது ஃபிளாட் வாங்குகிறவர்களுக்கு ஒரு பிடி இருக்கிறது. ரெராவில் பதிவான திட்டமென்றால், சாவி வாங்கிய ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் பில்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். தனி ஆளிடம் பழைய வீடு வாங்கும்போது அந்தப் பிடி கிடையாது. கையெழுத்துப் போட்ட பிறகு ஓதமும் உங்களுடையது.

இன்ஜினியர் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார். பேஸ்மட்டத்தை உயர்த்த முடியாது, சன்ஷேடும் பூச்சும் சரிசெய்ய நாலு லட்சம் ஆகும், வெடிப்பு சந்தேகம். மாப்பிள்ளை அதைக் காட்டி விலையைக் குறைக்கச் சொல்லிப் பார்த்தார். வீட்டுக்காரர் ஐம்பதாயிரத்துக்கு மேல் இறங்கவில்லை. "டாக்டரைக் கூட்டிட்டு வந்து பொண்ணு பார்க்கிற மாதிரி இருக்கு உங்க கதை" என்றார். மூன்றாவது வாரம் வேறு ஒருவர் முழு விலைக்கு முடித்துவிட்டார்.

அக்கா மகள் என்னோடு ஒரு மாதம் சரியாகப் பேசவில்லை. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த வீட்டில் பூஜை அறை எது, பையனின் படிப்பு மேஜை எங்கே என்பது வரை மனதுக்குள் குடியேறிவிட்டிருந்தாள். எனக்கும் ராத்திரியில் சில நேரம் தோன்றும்: அந்தக் கண்ணாடி உடையாமலே இருந்திருக்குமோ?

போன வாரம் அவளிடமிருந்து போன். கடலூரில், செம்மண்டலம் பக்கம் ஒரு வீடு பார்க்கப் போயிருக்கிறாளாம். பின்னால் புரோக்கர் ஏதோ பேசிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. இவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மாமா, வீட்டுக்காரர் கணுக்கால்ங்கிறார். பக்கத்து வீட்டம்மா முழங்கால்ங்கிறாங்க. அந்த இன்ஜினியர் சார் நம்பரை அனுப்புங்க."