மரப்பெட்டியும் ஈரமும்

மாடியிலும் முற்றத்திலும் கீரை வளர்ப்பதற்கென மரப்பெட்டி வாங்கிய அங்கத்தினர் பலர், இரண்டு மழைக்காலம் கழிவதற்குள் அடிப்பலகை இற்றுவிட்டதென்று முறையிடுகின்றனர். அதற்கு என்ன வர்ணம் பூசலாம் என்றும் கேட்கின்றனர். வர்ணத்தைப் பற்றிய கேள்வி பிறகு எழவேண்டியது என்பது நம் அபிப்பிராயம்.

மரத்தைத் தின்பது நீரன்று. ஈரத்தை அண்டி வளரும் பூஞ்சணம். மரத்தின் ஈரப்பதம் நூற்றுக்கு 20 பங்குக்குக் கீழ் நின்றால் அது தலையெடுப்பதில்லை. ஈரமும் காற்றும் கூடுமிடமே அதற்கு உகந்த இடம். குழித்தறி நெய்வோருக்கு இதனைச் சொல்லவேண்டியதில்லை; ஊன்றிய கால் மண்மட்டத்தில்தானே முதலில் இற்றுப்போகிறது!

ஆகவே நீர் வடியவும் மரம் உலரவும் வழி செய்தலே முதற்கடமை. பெட்டியைத் தரையில் படிய வைத்தல் ஆகாது. செங்கல் இட்டு உயர்த்தி, அடியில் காற்றோட விடவேண்டும். அடியில் துளைகளும், அவற்றின்மேல் ஓட்டுச்சில்லும் இருத்தல் அவசியம். பலகையின் வெட்டுமுனை, பக்கங்களைக் காட்டிலும் பன்மடங்கு விரைவில் நீரை உறிஞ்சும். எண்ணெயோ வர்ணமோ கொஞ்சமே இருப்பின், நன்கு உலர்ந்த பலகையில் அங்கேதான் முதலில் பூசவேண்டும். தச்சர் பலர் மறப்பதும் அம்முனையையே. உள்ளே பாலிதீன் தாள் விரிப்போர் பக்கங்களோடு நிறுத்துவாராக. அடியையும் மூடினால் பெட்டி குளமாகும்.

எரிந்த மோட்டார் எண்ணெயைப் பூசும் வழக்கத்தை வன்மையாகக் கண்டிக்கிறோம். உண்ணும் கீரை விளையும் மண்ணில் அது கலத்தல் தகாது. பச்சை மருந்தேற்றிய பழைய கம்பங்களை அறுத்துப் பெட்டி செய்வதும் அத்தகையதே. டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் சோந்தி காமேசம் 1933இல் கண்ட ‘ஆஸ்கு’ என்னும் மரக்காப்பு மருந்து கம்பங்களுக்குப் பேருதவி புரிந்தது. எனினும் தாமிரம், குரோமியம் இவற்றோடு ஆர்சனிக் நஞ்சும் அதில் உண்டு. அவ்வகை மருந்தேற்றிய மரத்தை வீட்டு உபயோகத்திற்கு விடுவதை அமெரிக்க உற்பத்தியாளரே 2003 முடிவோடு பெரும்பாலும் நிறுத்திக்கொண்டனர்.

இனிச் சங்கத்தாருக்கு ஒரு வார்த்தை. பெட்டிகளை மொத்தமாக வாங்குகையில், குறைந்த விலைப்புள்ளி எதுவோ அதுவே இலாபமென்று கொள்கின்றோம். தேக்கென்று பெயர் சொல்லி, வைரம் பாயாத வெளிப்பலகையால் அடித்த பெட்டிக்குத் தேக்கின் ஆயுள் எங்ஙனம் கிட்டும்? மீண்டும் மீண்டும் வாங்கும் செலவு அங்கத்தினரின் பங்குப் பணத்திலிருந்தன்றோ போகிறது! அடுத்த கொள்முதலில் வைரப்பலகை, கால்கள், வடிதுளை, துத்தநாகம் பூசிய ஆணி ஆகியவற்றை விலைப்புள்ளி அறிவிப்பிலேயே எழுதிவிடுமாறு நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம்.