பிரசவ அறையிலிருந்து பத்திரிகைக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

மகளிர் ஆரோக்கிய ஆராய்ச்சிப் பத்திரிகைகளுக்குக் கைப்பிரதி அனுப்பும் விதிகளைப் பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைச் சிரத்தையுடன் வாசித்தேன். பம்பாயின் ஏழைக் கர்ப்பிணிகளைப் பீடித்த ஒருவகை இரத்தசோகைக்கு ஈஸ்ட் சத்து நிவாரணம் தருவதைக் கண்டறிந்த லூசி வில்ஸ் அம்மையார், அதனை 1931-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் பிரசுரித்திராவிடில், பிற்காலத்தில் ஃபோலிக் அமிலம் எனப் பெயர்பெற்ற வஸ்துவைத் தேடும் பிரயத்தனம் எத்தனை காலம் தாமதப்பட்டிருக்குமோ! நெறிமுறைக் குழுவின் அனுமதி, நோயாளியின் சம்மதம், ஒரே சமயத்தில் ஒரே பத்திரிகைக்கு அனுப்புதல் எனத் தங்கள் கட்டுரை கூறும் நிபந்தனைகள் யாவும் நியாயமானவையே. ஆயினும், இரவு பகலாகப் பிரசவம் பார்த்து, கிடைத்த அவகாசத்தில் குறிப்பெழுதி, அவற்றைக் கட்டுரையாக்கிய ஜில்லா ஆஸ்பத்திரி மருத்துவர் ஒருவர், சில பத்திரிகைகள் கேட்கும் பிரசுரக் கட்டணத்தைச் செலுத்த வகையின்றி அதனை மேசையறைக்குள்ளேயே வைத்துவிட நேர்வது எனக்கு மிகுந்த மனவேதனை அளிக்கிறது. அங்கே முடங்குவது அவர் உழைப்பு மட்டுமன்று, பல தாய்மாரின் அனுபவமும் ஆகும். அத்தகையோருக்குக் கட்டண விலக்களிக்கவும், நிராகரிக்கும்போது காரணத்தை விரிவாக எழுதியனுப்பவும் பத்திரிகாசிரியர்கள் முன்வர வேண்டுமெனப் பணிவுடன் வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற மகப்பேறு மருத்துவர்,
திருநெல்வேலி