கல்லும் கல்லறையும்

கம்பெனி காலத்தில் சென்னையில் மாண்ட மூதாதையரின் கல்லறையைத் தேடி இங்கிலீஷ் குடும்பத்தார் இன்றும் இங்கு வருகின்றனர். கோட்டையிலுள்ள செயின்ட் மேரி ஆலய முற்றத்தில் பெயர் பொறித்த கல்லைக் கண்டதும், உடலும் அங்கேயே உளதென எண்ணுவாருமுண்டு. அது சரியன்று. 1758-59ல் லாலியின் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது, கோட்டைக்கு வெளியேயிருந்த பழைய இடுகாட்டின் கல்லறைகள் அதற்கு மறைவிடமாயின. முற்றுகை நீங்கியபின் அவற்றை இடித்து, கற்களை ஆலயத்தைச் சுற்றிப் பதித்தனர். உடல்களோ, பிற்காலத்தில் சட்டக் கல்லூரி எழுந்த அந்நிலத்திலேயே தங்கின. ஆகவே கல்லோடு நில்லாமல் அடக்கப் பதிவேட்டையும் நாடுதல் வேண்டும். அதன் படிகள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன.

அக்கோட்டைக்கு மண் சுமந்த நம்மவர் பெயர்கள் அவ்வேட்டில் இல்லை. அதுபற்றி, தேடி வருவோர்மீது சினங்கொள்வது நமக்கு அழகன்று. முன்னோர் கடன் எல்லா ஜாதியாருக்கும் பொது. அவர்தம் கற்களையும் ஏடுகளையும் காத்துக் கொடுப்போம். கூடவே, நம் முன்னோர் பெயரையும் அவர் அடங்கிய இடத்தையும் வீடுதோறும் எழுதி வைப்போம். எழுதாத பெயரை எந்தப் பேரனும் தேடிக் காண இயலாது.