கொள்ளும் புல்லும்: லாயத்துக் குதிரையின் இரவு

தொண்ணூறுகளில் ஓர் ஏப்ரல் மாதம். நுவரெலியாக் குதிரைப் பந்தயம் பற்றி எழுதிவரும்படி பத்திரிகை என்னை அனுப்பியிருந்தது. காலை ஆறு மணிக்கு ஒரு லாயத்திற்குச் சென்றேன். உள்ளே நின்ற குதிரை கதவுப் பலகையைக் கடித்துக்கொண்டிருந்தது. பலகையின் மேல்விளிம்பு ஏற்கெனவே பள்ளமாகியிருந்தது.

"இதென்ன கெட்ட பழக்கம்?" என்று குதிரையைப் பராமரித்த பெரியவரிடம் கேட்டேன்.

"பழக்கம் இல்லீங்க ஐயா, பசி. கொள்ளு வாங்க மொதலாளி காசு தர்றாரு. புல்லுக்குத் தர்றதில்ல."

அந்த விடையை நான் எழுதவில்லை. வென்றவர்களின் பெயர்களே அன்று செய்தியாயின. அந்தக் கடன் இன்னும் மனத்தை உறுத்துகிறது.

கொள்ளென்றால் வாயைத் திறக்கும், கடிவாளமென்றால் வாயை மூடும் என்பது நம் பழமொழி. குதிரையின் உணவு கொள்ளுதான் என்ற எண்ணம் நம்மிடம் அவ்வளவு ஆழமாகப் பதிந்துள்ளது. இது புதிதன்று. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டி நாட்டைக் கண்டு எழுதிய மார்க்கோ போலோ, பெருஞ்செலவில் கடல்வழியே கொண்டுவரப்பட்ட குதிரைகள் பராமரிப்பு அறியாதோர் கையில் மாண்டதையும், அவற்றிற்குச் சோறும் இறைச்சியும் ஊட்டப்பட்டதையும் குறித்திருக்கிறார். அன்று குறைந்தது பணமன்று. அந்த விலங்கின் வயிற்றைப் பற்றிய அறிவே.

அந்த வயிறு எப்படிப்பட்டது? உடலின் பருமனோடு ஒப்பிட்டால் குதிரையின் இரைப்பை மிகச் சிறியது. அதில் அமிலம் இரவும் பகலும் இடைவிடாமல் சுரக்கிறது. அமிலத்தைத் தணிக்கும் உமிழ்நீரோ மெல்லும்போது மட்டுமே சுரக்கும். வெளியில் மேயும் குதிரை நாளில் 16 மணி நேரம் வரை மேயும். உறங்குவது ஏறத்தாழ மூன்று மணி நேரந்தான். மாலையில் கதவை அடைத்துவிட்டு நாம் உறங்கப் போகிறோம். குதிரையோ இரவின் பெரும்பகுதி விழித்தே நிற்கிறது. மெல்ல எதுவுமில்லையெனில் இரைப்பைப் புண்ணும் வயிற்று வலியும் வரக்கூடும். மரத்தையாவது கடிக்கத் தொடங்கும்.

இனிக் கணக்கிற்கு வருவோம். குதிரைக்கு நாளொன்றுக்கு அதன் எடையில் 1.5 முதல் 2 விழுக்காடு வரை உலர்புல் வேண்டும். 400 கிலோ எடையுள்ள குதிரைக்கு ஆறு முதல் எட்டுக் கிலோ. இரவு 12 மணி நேரம் அடைபட்டிருக்குமாயின் அதில் பாதிக்குக் குறையாமல், அதாவது நான்கு கிலோ அளவில், இரவுக்கு ஒதுக்க வேண்டும். நான் சொல்வது உலர்புல்லை. சத்துக் குறைந்த நெல் வைக்கோலை அன்று. பச்சைப் புல்லாயின் அதில் பெரும்பகுதி நீர் என்பதால் பல மடங்கு வேண்டும்.

ஆனால் எடை மட்டும் போதாது. ஒரு கிலோ உலர்புல்லைத் தின்ன குதிரைக்கு ஏறத்தாழ 40 நிமிடமே ஆகும். ஆறு மணிக்கு நான்கு கிலோவையும் மொத்தமாகப் போட்டால் ஒன்பது மணிக்குள் தீர்ந்துவிடும். மீதி ஒன்பது மணி நேரம் வெறும் வயிறு. ஆகவே உறங்கப் போகுமுன் ஒரு பகுதியைப் போட வேண்டும். அல்லது சிறு கண்ணுள்ள வலைப்பையில் கட்டித் தொங்கவிட வேண்டும். சிறிது சிறிதாகப் பிடுங்கித் தின்பதால் நேரம் நீளும். பக்கத்தில் நிறைந்த தண்ணீர்த் தொட்டியும் இருக்க வேண்டும்.

குதிரை கொழுத்துவிடாதா என்பார்கள். கொழுத்த குதிரைக்கு முதலில் குறைக்க வேண்டியது தானியத்தை. புல்லையும் குறைப்பதாயின் மருத்துவரைக் கேட்டு, தராசில் நிறுத்துக் குறைக்கலாம். இரவு முழுதும் பட்டினி போடுவது வைத்தியமாகாது. 'ஒரு கட்டு', 'ஒரு அணைப்பு' என்ற கையளவுகளும் உதவா. கட்டுக்குக் கட்டு எடை மாறும்.

குதிரை வைத்திருப்போரிடம் எனது வேண்டுகோள் இவ்வளவே: கொள்ளுக்குக் காசு ஒதுக்குமுன் புல்லுக்கு ஒதுக்குங்கள். காலையில் லாயத்தைத் திறக்கும்போது வலையில் ஒரு பிடி புல் மிஞ்சியிருந்தால் அதை வீண் என்று எண்ணாதீர்கள். இரவு முழுதும் குதிரை பசித்திருக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. அந்தப் பெரியவர் இதை எனக்கு ஒரே சொல்லில் சொல்லியிருந்தார். நான்தான் காலந்தாழ்த்தி எழுதுகிறேன்.